புனித நகரத்தில் ஒரு முறம்

மார்கழி பிறந்தால் விடியற்காலையில் திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்டுக் கண்விழித்தே பழகியவன் நான். சென்ற ஆண்டு அந்த மாதம் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில், மகள் வீட்டில் கழிந்தது. வெளியே உறைபனி, உள்ளே கைப்பேசியில் பாசுரம். என் மனைவி சமையலறை மேடையில் அரிசி மாவால் சிறு கோலமிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்காவது செல்லலாம் என்று மகள் கூறியபோது, “கோயில் உள்ள ஊராக இருக்கட்டும்” என்றாள் மனைவி. மகள் சிரித்துக்கொண்டே, “இங்கிருந்து 200 மைலில் ஓர் ஊர் இருக்கிறது அம்மா. அதற்குப் பெயரே புனித நகரம்தான்” என்றாள். தென் கரோலினாவின் பழைய துறைமுகமான சார்ல்ஸ்டன் நகரைத்தான் அவள் குறிப்பிட்டாள். வானில் எழுந்து நிற்கும் தேவாலயக் கோபுரங்களால் ‘ஹோலி சிட்டி’ என்ற பெயர் அந்த ஊருக்கு அமைந்ததாம். கும்பகோணத்தைச் சுற்றியே வாழ்நாளைக் கழித்த எங்களுக்கு அந்த அறிமுகம் போதுமானதாக இருந்தது.

மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம். இரண்டு இரவுகள் தங்கினோம். அழகிய ஊர் ஒன்றைக் கண்டு மகிழலாம் என்று சென்றேன். திரும்பும்போது என் பாட்டனாரின் கணக்கு நோட்டு நெஞ்சில் ஏறி அமர்ந்திருந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இங்கு எழுத விழைகிறேன்.

கோபுரங்களின் ஊர்

ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகளுக்கு இடையே நாக்குப் போல் நீண்டு கடலை நோக்கிக் கிடக்கிறது பழைய சார்ல்ஸ்டன். 1670-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர் அது. பத்து ஆண்டுகளுக்குப் பின் இப்போதைய இடத்திற்கு மாறியது. பழைய பகுதியில் கட்டடங்களின் உயரத்திற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே எத்திசையில் நோக்கினாலும் தேவாலயக் கூர்முனைகளே கண்ணில் படுகின்றன. தொலைவிலிருந்து கோபுரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ள நமக்கு, ஓர் ஊர் தன் கோபுரங்களை விட உயர்ந்து நிற்க விரும்பாதது பிடித்துப்போகிறது.

முதல் நாள் மாலை குதிரை வண்டியில் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். வழிகாட்டியே வண்டியையும் ஓட்டுகிறார். எந்த வண்டி எந்தப் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதை நகராட்சியின் குலுக்கல் பந்தே முடிவு செய்கிறது. எல்லா வண்டிகளும் ஒரே தெருவில் மொய்க்காதிருக்க இந்த ஏற்பாடு. தேர்த் திருவிழாவில் நெரிசலைச் சமாளிக்கும் நம்மவர்கள் கவனிக்கத்தக்க ஒழுங்கு.

அங்குள்ள பழைய வீடுகள் தெருவுக்குக் குறுகிய முகத்தைக் காட்டி, உள்ளே நீண்டு செல்கின்றன. பக்கவாட்டில் கடற்காற்றை வாங்குவதற்காக நீண்ட தாழ்வாரம். எங்கள் ஊர்த் தெரு வீடுகளின் நினைவு வந்தது. சில தாழ்வாரங்களின் மேற்கூரைக்கு வெளிர்நீல வண்ணம் பூசியிருந்தார்கள். தீய ஆவிகள் நெருங்காமலிருக்க ஆப்பிரிக்க வழியினர் கொண்டிருந்த நம்பிக்கை அது என்றார் வழிகாட்டி. “திருஷ்டிப் பூசணிக்காய் போல” என்றாள் என் மனைவி. 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று இந்நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்திற்குப் பின், சுவர்கள் பிரிந்துவிடாதபடி முறுக்கிய இரும்புக் கம்பிகளின் முனைகளையும் காட்டினார்.

வண்டியிலிருந்து இறங்கியதும், “இவ்வளவு அழகுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படித்தவனுக்கு அந்தக் கேள்வி தானாகவே வந்துவிடும். அவர் ஒரே சொல்லில் விடை சொன்னார்: “அரிசி.”

நான் திகைத்து நின்றேன். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவனுக்கு அமெரிக்காவில் அந்த விடை கிடைக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? “நாளை காலை சாமர்ஸ் தெருவுக்குப் போங்கள், மீதியை அங்கே சொல்வார்கள்” என்றார் அவர்.

ஏலக் கூடம்

சாமர்ஸ் தெரு கூழாங்கற்கள் பாவிய ஒடுங்கிய தெரு. அதில் வளைவு வாயிலோடு ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம் என்று பெயர். தெருவில் மனிதர்களை நிறுத்தி ஏலம் விடுவது ஊரின் நற்பெயருக்கு அழகன்று என்று 1856-இல் நகராட்சி தடைவிதித்தது. விற்பனையைத் தடை செய்யவில்லை. அது வெளியே தெரிவதைத்தான் தடை செய்தது. ஆகவே ஏலம் கூரைக்குள் புகுந்தது. 1859-இல் எழுந்த இந்தக் கூடத்தில் 1863 வரை மனிதர்கள் விற்கப்பட்டனர். தேவாலய மணியோசை அப்போதும் இத்தெருவில் கேட்டிருக்கும்.

உள்ளே பெரிய காட்சிப் பொருள்கள் இல்லை. அறிவிப்புகளும் பட்டியல்களும் ரசீதுகளுமே உள்ளன. ஆயினும் என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அந்தக் காகிதங்களின் மொழி எனக்குத் தெரிந்த மொழி. வரிசை எண், பெயர், வயது, தொழில், குறிப்பு, விலை. நெல் வேலை அறிந்த ஆள், சமையல்காரி, தச்சன் என்று கட்டங்கள் நிரப்பப்பட்டிருந்தன. முழு ஆள், அரை ஆள், கால் ஆள் என்ற தரப்பிரிவும் உண்டு. நடவுக்கு வந்த சிறுவர்களை ‘அரை ஆள்’ என்று எண்ணிக் கூலி அளந்த களத்து மேட்டில் வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லைக் கடல் கடந்து காண்பேன் என்று நினைக்கவில்லை.

வங்கியில் மீட்கப்படாத நகைகளை நான் ஏலம் விட்டிருக்கிறேன். அப்ரைசர் எடை போடுவார். நாங்கள் எண்ணிட்டு, விவரம் எழுதி, அறிவிப்பு ஒட்டுவோம். அங்கே கண்ணாடிக்குள் இருந்த காகிதமும் அதே முறைப்படி, அதே ஒழுங்கோடு, அழகிய கையெழுத்தில் இருந்தது. தவறு ஏதுமில்லாத ஆவணம். அதுதான் என்னை நடுங்க வைத்தது.

அக்காலத்துத் தோட்ட முதலாளிகள் நிலத்தோடு மனிதர்களையும் ஈடாக எழுதிக்கொடுத்தே கடன் பெற்றனர். லூசியானா மாநிலத்தில் 1831 முதல் 1865 வரை தன் முன்னோடி வங்கிகள் இரண்டு சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றன என்றும், கடன் திரும்பாதபோது அவர்களுள் ஏறத்தாழ 1,250 பேருக்கு அவ்வங்கிகளே உரிமையாளர்கள் ஆயின என்றும் அமெரிக்கப் பெருவங்கி ஒன்று 2005-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ‘ஈடு கைப்பற்றப்பட்டது’ என்று ஒரு குமாஸ்தா பேரேட்டில் எழுதியிருப்பார். மாலையில் வீட்டிற்குச் சென்று குழந்தைகளோடு இறைவனை வேண்டி உணவு உண்டிருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிதாக இருக்கும். அவர் என்னைப் போன்றவர் என்பதே உண்மை.

ஆளோலை

அங்கே நின்றபோது திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வந்தது. சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவராக வந்த இறைவன், ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலை காட்டியதையும், சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்ததையும், சபையில் மூல ஓலை வெளிவந்து, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கப்பட்டதையும் எத்தனையோ முறை உபந்நியாசங்களில் கேட்டு உருகியிருக்கிறோம். இறைவனுக்கு அடிமைப்படுவதைக் காட்டிலும் பெரும்பேறு இல்லை. ‘அடியேன்’ என்பதே நம் பணிவுக்குரிய சொல்.

ஆனால் ஓர் எண்ணம் அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. பாட்டன் எழுதிய ஓலை பேரனையும் கட்டும் என்று ஒருவர் சபையில் வழக்குரைத்தால், கேட்போர் அதை வியப்பின்றி ஏற்க வேண்டும் அல்லவா? அப்படியானால் அத்தகைய ஓலைகள் மனிதருக்கு மனிதர் எழுதியும் வழங்கியிருக்கின்றன. பஞ்ச காலத்தில் தம்மையே விற்றுக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உண்டு. நம் நாட்டில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1843-இல்தான். இறைவன் தன் அடியவனை ஆட்கொள்ள வந்தபோது, உலகத்தார் கையிலிருந்த கொடிய ஆவணம் ஒன்றையே எடுத்து, அதைக் கருணையின் ஆவணமாக மாற்றிவிட்டான். மனிதன் கையில் அது மாறவில்லை.

முறம்

மனம் கனத்து, பழைய நகரச் சந்தைக்கு நடந்தோம். நீண்ட கொட்டகைகளாக அமைந்த அந்தச் சந்தையில், கறுப்பினப் பெண்மணிகள் புல்லால் கூடை பின்னிக்கொண்டிருந்தனர். ‘கல்லா’ என்றும் ‘கீச்சி’ என்றும் அழைக்கப்படும் சமூகத்தார் அவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். மணம் வீசும் கடலோரப் புல்லைச் சுருட்டி, பனையோலை நாரால் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். தேய்ந்த கரண்டிக் காம்பே அவர்களுடைய ஊசி.

ஒரு மூலையில் அகன்ற, விளிம்பு தாழ்ந்த வட்டத் தட்டு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் மனைவி அதைக் கையிலெடுத்தாள். நான் தடுப்பதற்குள் இரு கைகளாலும் பிடித்து, புடைப்பது போல் இரண்டு முறை மேலே தட்டினாள். பின்னிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்திலிருந்த மற்றொரு தட்டை எடுத்து, அதே அசைவைச் செய்து காட்டினார். இருவரும் சிரித்துவிட்டனர்.

அது முறமேதான். நம் முறத்திற்கு ஒருபுறம் வாய் திறந்திருக்கும். இது முழு வட்டம். நமக்கு மூங்கில், அவர்களுக்குப் புல். தொழில் ஒன்றே. உரலில் குத்திய நெல்லை இதில் இட்டு, உமியைக் காற்றில் பறக்கவிட்டிருக்கிறார்கள். பிறந்த குழந்தையை நெல் பரப்பிய முறத்தில் கிடத்தும் நம் வழக்கத்தை மகள் எடுத்துரைத்தாள். அந்தப் பெண்மணி சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, “என் கொள்ளுப்பாட்டி காலத்தில் இதை விற்பதற்காகச் செய்யவில்லை, வேலைக்காகச் செய்தார்கள்” என்றார்.

நெல்லைப் பற்றி ஏதுமறியாத ஆங்கிலேயர், நெல் அறிந்த மக்கள் வாழும் கரையிலிருந்து ஆட்களை வாங்கி வந்தார்கள். மதகு அமைக்கவும், நீர் கட்டவும், குத்தவும், புடைக்கவும் தெரிந்த கைகள். உடைமை எதையும் அவர்கள் கொண்டுவர முடியவில்லை. கைகள் மறக்காதவை மட்டும் கடல் கடந்து வந்தன.

விலையைக் கேட்டதும் என் மனைவி பேரம் பேச வாயெடுத்தாள். ஒரு பெரிய தட்டைப் பின்ன வாரக்கணக்கில் ஆகும் என்றும், கடலோரமெங்கும் வீடுகள் எழுந்துவிட்டதால் புல்லைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கிறது என்றும் அவர் கூறினார். மனைவி வாயை மூடிக்கொண்டு, சிறியது ஒன்றைச் சொன்ன விலைக்கே வாங்கினாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவள் பேரம் பேசாமல் பொருள் வாங்கியதை அன்றுதான் கண்டேன்.

காலணி கழற்றிய இடம்

பிற்பகலில் கூப்பர் ஆற்றங்கரையிலுள்ள பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடம் காட்ஸ்டன் துறை. 1808 சனவரி முதல் நாள் தொடங்கி வெளிநாட்டு அடிமை வணிகம் சட்டப்படி நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இத்துறையில் கப்பல் கப்பலாக மனிதர்கள் இறக்கப்பட்டனர். நல்ல விலை வரட்டும் என்று கிடங்கில் அடைத்து வைக்கப்பட்டவர்களுள் பலர் குளிரில் மாண்டனர்.

கட்டடம் தரையைத் தொடவில்லை. பதினெட்டுத் தூண்களின் மேல், ஏறத்தாழ 13 அடி உயரத்தில் நிற்கிறது. இந்த மண் புனிதமானது. இதன்மேல் சுவர் எழுப்பலாகாது என்று கருதியே அவ்வாறு அமைத்தனராம். கீழே ஆழமற்ற நீர்த்தடாகம். அதன் தரையில் மனித உருவங்கள், கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டவாறே, தோளோடு தோள் நெருக்கிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. நீர் மெல்ல ஏறி அவ்வுருவங்களை மூடுகிறது, பிறகு வடிகிறது.

என் மனைவி குனிந்து காலணியைக் கழற்றினாள். டிசம்பர் மாதக் குளிர். “அம்மா, இது கோயில் இல்லை” என்றாள் மகள். “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலுறையோடு அந்த நீரோரம் நடந்தாள். சற்றுத் தயங்கி நானும் கழற்றினேன்.

மேலே குடும்ப வரலாற்றைத் தேடித்தரும் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை உண்டு. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை மட்டுமே இருக்கும். பொதுவாகப் பெயர் இராது. விடுதலைக்குப் பின் 1870-இல் எடுத்த கணக்கில்தான் அவர்கள் அனைவரும் பெயரோடு தோன்றுகிறார்கள். ஆகவே முன்னோரைத் தேடும் பேரப் பிள்ளைகள் 1870 என்னும் சுவரில் வந்து முட்டிக்கொள்கின்றனர். “அதற்கு அப்பால் போக என்ன வழி?” என்றேன். “முதலாளிகளின் கணக்குப் புத்தகங்கள்தாம்” என்றார் அவர். “அந்தக் குடும்பங்கள் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தால் உண்டு.”

பரண் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. தம் மொழியில் அதற்கு ஈடான ஒன்றைச் சொன்னார். என் மனமோ மன்னார்குடிக்கு அருகில் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது.

வழியில் கால்ஹூன் தெருவில் வெண்ணிறக் கூர்கோபுரத்தோடு நின்ற எமானுவேல் தேவாலயத்தின் முன் சற்று நேரம் நின்றோம். மற்ற தேவாலயங்களில் மாடியில் ஒதுக்கி அமர்த்தப்பட்ட மக்கள் தமக்கென உருவாக்கிய திருச்சபை அது. 2015 ஜூன் 17 அன்று மாலை வேத வகுப்புக்கு வந்த வெள்ளை இளைஞன் ஒருவனை அன்போடு உள்ளே அழைத்து அமர்த்திக்கொண்டார்கள். வகுப்பு முடியும் வேளையில் அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள்களில், நீதிமன்றத்தில் அவன் முகத்தைப் பார்த்து, மாண்டவர்களின் உறவினர் சிலர் ‘உன்னை மன்னிக்கிறேன்’ என்றனர். மெய்ப்பொருள் நாயனாரை நாம் புராணத்தில் படிக்கிறோம். இவர்கள் நம் காலத்தவர். நாங்கள் கைகூப்பி நின்றதைச் சிலர் வியப்போடு பார்த்துச் சென்றார்கள்.

வயலும் எருமையும்

மூன்றாம் நாள், ஆஷ்லி ஆற்றின் கரையில் மிடில்டன் பிளேஸ் என்னும் பழைய நெற்பண்ணைக்குச் சென்றோம். 1741-இல் தொடங்கிய தோட்டம். படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும் புல்வெளி. அதன் அடியில் பட்டாம்பூச்சியின் இறக்கைகள் போல் இரு குளங்கள். தொழுவத்தில் எருமைகளைக் கண்டதும் என் மனைவிக்கு ஊருக்கே வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி.

‘கரோலினா கோல்டு’ என்ற நெல்லைச் சிறிய வயலில் இன்றும் பயிரிட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் சென்றபோது அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. உமியின் பொன்னிறத்தால் அந்தப் பெயர். அந்தப் பகுதியில் நெற்பயிர் ஆற்றின் ஓதத்தை நம்பியது. கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலெழும். அப்போது மதகைத் திறந்து வயலில் வாங்கிக்கொள்வர். ஓதம் இறங்கும்போது வடிப்பர். தொடக்கத்தில் குடைந்த மரத்தாலேயே மதகு செய்ததால் அதை இன்றும் ‘டிரங்க்’ என்றே அழைக்கிறார்கள். காட்டை அழித்து, சேற்றில் நின்று, இந்தக் கரைகளை எழுப்பியவர்கள் அடிமைகள். கோடையில் மலேரியாவுக்கு அஞ்சி முதலாளிகள் நகரத்து மாளிகைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் முதல் நாள் கண்டு வியந்த மாளிகைகள் அவை.

பால் அறைக்கு மேலே அடிமைகள் வழிபட்ட சிற்றறை ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து, விடுதலைக்குப் பின் அங்கு வாழ்ந்தவர்களின் எளிய மர வீட்டிற்குள் சென்றால், அந்தக் குடும்பத்தாரிடம் அடிமைகளாயிருந்தோரின் பெயர்ப் பட்டியல் சுவரை நிறைக்கிறது. பண்ணைக் கணக்குகளிலிருந்து பொறுக்கி எடுத்தவை. வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒரு கறுப்பினக் குடும்பம் அதன் முன் நின்றிருந்தது. ஒரு சிறுமி விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கோயிலில் நாமாவளி சொல்லும்போது உண்டாகும் அமைதி அந்த அறையில் நிலவியது.

செல்ல விரும்புவோர்க்கு

பிள்ளைகளைக் காண அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குச் செல்லும் பெற்றோர் பலர். அவர்களுக்கு ஓரிரு சொற்கள். கோடையில் அங்கே நம் ஊரைப் போன்ற புழுக்கம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை செல்வது நலம். அருங்காட்சியகங்களுக்கு முன்னதாகவே இணையத்தில் சீட்டு எடுத்துவிடுங்கள்; விடுமுறை நாள்களில் நேரில் கிடைப்பது அரிது. கூழாங்கல் தெருக்களில் முழங்கால் வலி உள்ளோர் கைத்தடியோடு நடக்க வேண்டும். அரிசியும் காராமணியும் சேர்த்துச் சமைக்கும் ‘ஹாப்பின் ஜான்’ என்ற உணவை அங்கே புத்தாண்டு நாளில் நன்மை வரும் என்று உண்கிறார்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள் என்பதால் சைவர்கள் கேட்டு உண்ண வேண்டும். மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாமர்ஸ் தெருவுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்; பேரப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

பேரேட்டில் இல்லாத பெயர்

பொங்கலுக்கு முன் ஊர் திரும்பினோம். சார்ல்ஸ்டன் முறத்தில் புது நெல் நிரப்பிப் பூசையில் வைத்தாள் மனைவி. மறுநாள் நான் பரணில் ஏறினேன்.

பாட்டனாரின் கணக்கு நோட்டுகள் செல்லரித்துப் போகாமல் இருந்தன. நேர்மையானவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். கோயிலுக்கு ஆண்டுதோறும் நெல் அளந்தவர். கணக்கும் அப்படியே ஒரு மரக்கால் பிசகாமல் இருந்தது. ‘நடவு ஆள் 12. அறுப்பு ஆள் 9. பண்ணை ஆள் 4, கூலி நெல் இத்தனை.’ பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உழவு மாடு வாங்கிய குறிப்பில் மயிலை, செவலை என்று மாட்டின் அடையாளம் இருந்தது. பண்ணை ஆள் நால்வருக்குப் பெயர் இல்லை.

அந்த நால்வருள் ஒருத்தியை எனக்கு நினைவிருக்கிறது. சிறுவனாக இருந்தபோது எங்கள் கொல்லைப்புறத்தில் அமர்ந்து நெல் புடைப்பாள். கோயில் நிவேதனத்திற்குப் போகும் அரிசியும் அவள் புடைத்ததே. அவளுக்கு நான் என்ன பெயர் சொல்லி அழைத்தேன் என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்ததே இல்லை என்பது பிறகு விளங்கியது.

அவளுடைய பேத்தி இப்போது பக்கத்து ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் சென்று விவரம் சொன்னேன். வரவேற்று அமரச் சொல்லி, தேநீர் கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க அப்பாயி பேரு உங்க நோட்டுல இல்லேன்னா என்ன சார்? எங்களுக்குத் தெரியுமே.”

எனக்குத் தலை நிமிரவில்லை. தொலைத்தவர்கள் அவர்கள் அல்லர், நாங்கள்தாம். பிறகு அவரே ஒரு தாளில் நால்வரின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். பத்திரிகையில் அவற்றை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கு எழுதவில்லை. வீடு திரும்பி, நோட்டில் ‘பண்ணை ஆள் 4’ என்ற வரிக்குப் பக்கத்தில், பாட்டனாரின் கையெழுத்துக்கு அருகே, என் கையெழுத்தில் அந்நான்கு பெயர்களையும் எழுதித் தேதியிட்டேன். வங்கியில் விடுபட்ட பதிவைப் பின்னர் சேர்த்தால் அப்படித்தான் செய்வோம்.

கோயிலில் அவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்யலாமா என்று அந்த ஆசிரியையிடம் கேட்டிருந்தேன். “செய்யுங்க சார்” என்றவர், சற்று நிறுத்தி, “ஆனா அப்பாயி அந்தக் கோயிலுக்குள்ள போனதில்ல. சட்டம் வந்த பிறகும் போகல. வெளியில நின்னு கும்பிட்டுட்டு வந்துடும்” என்றார். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. எங்கள் கொல்லையில் அவளை நான் பார்த்தது 1960-களில்.

தைப்பூசத்தன்று சென்றேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் வழக்கம்போல், “பேரு, நட்சத்திரம்?” என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாது என்றேன். “அதனால என்ன, சுவாமி நட்சத்திரமே சொல்லிடறேன்” என்று திருவாதிரை என உரைத்து, நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சங்கல்பம் செய்தார். அவர்கள் புடைத்த அரிசி எத்தனையோ ஆண்டுகள் போய்ச் சேர்ந்த கருவறைக்குள் அவர்களுடைய பெயர்கள் அன்றுதான் சென்றன.

பிரசாதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் வீட்டிற்குச் சென்றேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய சிறு மகள், “யார் பேருக்கு அர்ச்சனை தாத்தா?” என்று கேட்டாள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாயே அருகில் அழைத்து, நான்கு பெயர்களையும் சொல்லிக்கொடுத்தார்.